பாட்டியின் தகரப் பெட்டியில் கோச்சிக் காகிதங்கள்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. பாட்டி காலமான பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். அடியில் பழைய கோச்சி (ரயில்) நேர அட்டவணை ஒன்று, வெள்ளைக்காரன் காலத்தது போலத் தெரியும் மடிப்புப் பிரசுரம் ஒன்று, ஹோட்டல் சாப்பாட்டு அட்டை ஒன்று, நாலைந்து கெட்டி டிக்கட்டுகள். இவை எந்தக் காலத்தவை? விலை போகுமா? இப்படிச் சாமான்களைச் சேர்க்கத் தொடங்கலாமா? எப்படிப் பத்திரப்படுத்துவது?

நாலையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டீர்கள் தம்பி. வரிசையாகப் பதில் சொல்ல எனக்கு வராது, தெரிந்ததைச் சொல்லிக்கொண்டே போகிறேன். என் அப்பா ரயில் பாதையில் கேங் வேலை பார்த்தவர். வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவில் அவர் கால் படாத சிலிப்பர் கட்டை இருக்காது. அவர் விட்டுப்போன ஒரு பிஸ்கட் டின்னில் தொடங்கிய பழக்கம், இப்போது ஓர் அலுமாரியை நிரப்பி, மனைவியிடம் தினமும் திட்டு வாங்கித் தரும் அளவுக்கு வந்திருக்கிறது.

முதலில், எதையும் துடைக்காதீர்கள், தரம் பிரிக்காதீர்கள். எது எதற்குள் இருந்தது, எது எதோடு ஒட்டிக்கொண்டிருந்தது என்று போனில் படம் பிடித்துவிடுங்கள். நேர அட்டவணையின் எந்தப் பக்கத்தில் டிக்கட் செருகியிருந்தது என்பதும் ஒரு செய்திதான். பிரித்து அடுக்கிய மறுநாளே அது மறந்துபோகும். அதே பெட்டியில் பிரஜாவுரிமைப் பத்திரமோ பழைய கடவுச்சீட்டோ இருந்தால் அவை தனி. அவற்றை எந்த வியாபாரியிடமும் காட்டவே வேண்டாம்.

சரி, காலம் கண்டுபிடிக்கும் விஷயத்துக்கு வருவோம். இதில் நேர அட்டவணை மாதிரி உதவி செய்யும் காகிதம் வேறில்லை. அட்டை கிழிந்திருந்தாலும், வருடம் இருந்த பக்கத்தை எலி தின்றிருந்தாலும் உள்ளே இருக்கும் ஊர்ப் பெயர்களே வயதைச் சொல்லிவிடும். நம் மலையகப் பாதை ஒரே நாளில் வந்ததல்ல. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இல் வந்தது. நாவலப்பிட்டிக்கு 1874இல், நானுஓயாவுக்கு 1885இல். அப்புத்தளைக்கு 1893இல் ஏறி, அடுத்த வருடம் பண்டாரவளையில் நின்றது. அங்கேயே முப்பது வருடம் நின்றுவிட்டு 1924இல்தான் பதுளையைத் தொட்டது. ஆகவே பட்டியலின் கடைசி ஊர் பண்டாரவளை என்றால் அந்தக் காகிதம் 1894க்கும் 1924க்கும் இடைப்பட்டது. நானுஓயாவோடு முடிந்தால் பேசாமல் எழுந்து நின்று கும்பிடலாம், அவ்வளவு பழசு. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை போன சின்னப் பாதையின் நேரங்கள் இருந்தால் அது 1940களுக்குப் பிந்தியதாக இருக்காது. இரண்டரை அடி அகலத்தில் ஓடிய அந்தக் கோச்சியை இன்றைக்கு அங்கே இருக்கிற பிள்ளைகளிடம் சொன்னால் கதை விடுகிறோம் என்பார்கள்.

பிற பாதைகளும் உதவும். தலைமன்னார் துறை 1914க்குப் பிறகுதான் வரும். திருகோணமலை, மட்டக்களப்பு இரண்டும் 1920களின் கடைசியில். தலைமன்னாரிலிருந்து கப்பல் தனுஷ்கோடிக்குப் போகிறது என்று போட்டிருந்தால் அது 1964 டிசம்பர் புயலுக்கு முந்தியது. புயலுக்குப் பிறகு தனுஷ்கோடி இல்லை, கப்பல் ராமேஸ்வரத்துக்குப் போனது. உடரட்ட மெனிகே, யாழ்தேவி என்று கோச்சிகளுக்குப் பெயர் போட்டிருந்தால் 50களின் நடுப்பகுதியோ அதற்குப் பிறகோ. ரம்பால ரயில்வேயின் பொது முகாமையாளராக இருந்த காலத்துப் பெயர்கள் அவை. சிலோன் என்று இருக்கிறதா, ஸ்ரீலங்கா என்று இருக்கிறதா என்றும் பாருங்கள், பெயர் மாறியது 1972 மே மாதம். ஆனால் இதை மட்டும் நம்ப வேண்டாம். பழைய தலைப்புத் தாள் மிச்சமிருந்தால் அதைத் தீர்த்துவிட்டுத்தான் புதிதாக அடிப்பார்கள். அரசாங்கக் கந்தோர்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த தடயம் ஒன்று உண்டு. 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. பௌர்ணமி, அமாவாசை, இரண்டு அட்டமி என்று மாதத்துக்கு நாலு போயா நாட்கள்தான் விடுமுறை. அந்தக் காலத்து அட்டவணையில் ‘ஞாயிறு தவிர’ என்று வரவேண்டிய இடத்தில் போயாவும் போயாவுக்கு முந்திய நாளும் வந்து உட்கார்ந்திருக்கும். வெளிநாட்டிலிருந்து சேகரிக்கிறவர்கள் இதைப் பார்த்துத் தலையைச் சொறிவார்கள். நம் வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்: “அந்தக் காலத்துல லீவு என்னைக்குன்னு கலண்டர் பாத்துதான் தெரியும்.”

இன்னொன்று, அரசாங்க அச்சகத்தில் அடித்த தாளானால் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருக்கும். ஒரு வேலை இலக்கம், அதற்குப் பக்கத்தில் எத்தனை பிரதி என்ற எண், பிறகு அடைப்புக்குறிக்குள் 7/52 என்பது போல மாதமும் வருடமும். வயது, எண்ணிக்கை இரண்டையும் அச்சடித்தவரே எழுதித் தந்திருக்கிறார். இதைப் பார்க்காமலே பலர் ஓரத்தை வெட்டிச் சட்டம் போட்டுவிடுகிறார்கள்.

நேர அட்டவணையிலும் இரண்டு சாதி உண்டு. ஒன்று சனங்களுக்கு விற்றது. மற்றது உத்தியோகத்தர்களுக்கு மட்டும் கொடுத்தது. இரண்டாவதில் எந்தக் கோச்சி எந்த ஸ்டேசனில் எதற்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். ரம்புக்கனைக்கு மேலே ஒற்றைப் பாதை என்பதால் இந்த ஒதுங்கல் கணக்குதான் மலையகப் பாதையின் உயிர். படிக்கத் தெரிந்துவிட்டால் பொழுது போவதே தெரியாது. கிரேட் வெஸ்டர்ன் ஸ்டேசனில் கோச்சி ஏன் சும்மா நிற்கிறது என்று சின்ன வயதில் எனக்கு இருந்த சந்தேகம் அப்படிப்பட்ட ஒரு புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் தீர்ந்தது.

இனி மடிப்புப் பிரசுரம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முன்பக்கத்தில் மலை, அருவி, கொழுந்துக் கூடையோடு ஒரு பெண், உள்ளே வரைபடம். இப்படிப்பட்டவற்றை ரயில்வே மட்டும் அடிக்கவில்லை. கப்பல் கம்பனிகள், தோமஸ் குக் மாதிரியான பயண முகவர்கள், 1937க்குப் பிறகு அரசாங்கத்தின் சுற்றுலாப் பணியகம் எல்லாரும் அடித்தார்கள். கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் ஒரு நாள், இரண்டு நாள் நிற்கும். அதற்குள் கண்டிக்குப் போய் வரலாம், இன்னும் ஒரு நாள் இருந்தால் நுவரெலியாவின் குளிரைப் பார்க்கலாம் என்று கப்பல் பயணிகளுக்கு ஆசை காட்டவே அவை அச்சாயின. அதனால்தான் அவை இங்கே கிடைப்பதைவிட இங்கிலாந்தில் யாரோ ஒரு கிழவியின் அல்பத்தில் அதிகமாகக் கிடைக்கின்றன. இங்கே கிடைத்தால் யாரோ விட்டுப்போனது, அல்லது பங்களாவிலிருந்து வந்தது. உங்கள் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ துரை பங்களாவில் அப்பு வேலை, அதாவது சமையல் வேலை, பார்த்தவரா என்று வீட்டில் விசாரித்துப் பாருங்கள். சாப்பாட்டு அட்டையும் சேர்ந்து கிடைத்திருப்பதால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

இந்தப் பிரசுரங்களை எப்படிப் படிப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தனியாகப் படிக்கக் கூடாது, அதே வருடத்து நேர அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். பிரசுரத்தில் பட்டிப்பொலவின் 6,200 அடி உயரம், ஹோர்ட்டன் சமவெளி, தெமோதரையில் பாதை தன்னைத்தானே சுற்றி ஸ்டேசனுக்கு அடியிலேயே புகுந்து போகும் அதிசயம் எல்லாம் இருக்கும். ரொசல்ல, கொட்டகலை, வட்டகொட, இதல்கசின்ன எல்லாம் ஜன்னலில் வந்துபோகும் காட்சிகள். நேர அட்டவணையில் அந்த ஊர்கள் ஒவ்வொன்றும் ஒரு வரி. அங்கே இறங்கி ஐந்து மைல் நடந்து லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) போகிற ஆளுக்கு அந்த வரிதான் வேண்டும். பிரசுரத்துப் பெண்ணுக்குப் பெயர் போட மாட்டார்கள். நான் பார்த்த ஒன்றில்கூட இல்லை. 1910இல் ஹென்றி கேவ் எழுதிய சிலோன் அரசாங்க ரயில்வே வழிகாட்டி நூல் பாதை நெடுகிலும் படத்தோடு விவரிக்கும் அருமையான வேலை. தேடிப் படியுங்கள். ஆனால் அதை யாருக்காக எழுதினார் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

போலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுற்றுலாக்காரர்கள் வரும் ஊர்களில் பழைய சிலோன் விளம்பரப் படங்களின் மறுபதிப்புகள் நிறைய விற்கிறார்கள். மறுபதிப்பு என்று சொல்லி விற்றால் தப்பில்லை. சிலர் அதைத் தேயிலைச் சாயத்தில் நனைத்து பழசாக்கிவிடுகிறார்கள். நம் ஊரிலேயே நம் சாயத்தை வைத்தே நம்மை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்றால் பாருங்கள். சாயத்தில் நனைத்த காகிதம் நடுவும் ஓரமும் ஒரே நிறமாக இருக்கும். தானாகப் பழசான காகிதம் ஓரத்திலிருந்து உள்ளே பழுக்கும், மடிப்புக்குள் இருந்த இடம் வெளிறியே இருக்கும். கள்ள நோட்டுப் பார்க்கும் நீல விளக்கு கிடைத்தால் இருட்டில் காட்டிப் பாருங்கள். 1950 வாக்கிலிருந்துதான் காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம் பரவலாகச் சேர்த்தார்கள். 1930 என்று சொல்லும் காகிதம் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் கடைக்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். லயத்து வீட்டிலிருந்து வரும் காகிதத்தில் இன்னொரு அடையாளமும் உண்டு, விறகுப் புகை. பெட்டியை அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருப்பார்கள். அந்த வாசனை வருடக்கணக்கில் போகாது. பூச்சி கிட்ட வராததற்கும் அந்தப் புகை ஒரு காரணமாக இருக்கலாம்.

சாப்பாட்டு அட்டைகள்தான் இந்தச் சேகரிப்பில் அரிதானவை. டிக்கட்டைச் சட்டைப்பையில் போடுவார்கள், அட்டவணையை வாங்கி வைத்துக்கொள்வார்கள், சாப்பாட்டு அட்டையை யார் எடுத்துக்கொண்டு போவார்? குழம்பு சிந்திய உடனே குப்பைதான். கோச்சியின் உணவுப் பெட்டியில் இருந்ததோ, ஸ்டேசன் சிற்றுண்டி அறையில் இருந்ததோ, மலைநாட்டு ஹோட்டலில் இருந்ததோ, எதுவாக இருந்தாலும் வைத்திருங்கள். கறை இருந்தாலும் வைத்திருங்கள்.

உங்கள் அட்டையில் ‘ஞாயிறு, பெப்ரவரி 14’ என்று மட்டும் இருக்கிறது, வருடம் இல்லை என்கிறீர்கள். அது போதும். 1926, 1932, 1937, 1943, 1954: இந்த வருடங்களில் பெப்ரவரி 14 ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. எழுத்து வடிவம், விலை, ஹோட்டலின் பெயர் இவற்றை வைத்து இந்த ஐந்தை ஒன்றாகவோ இரண்டாகவோ குறைத்துவிடலாம். யுத்த காலத்துத் தட்டுப்பாட்டில் 1943இல் பட்டியல் நீளமாக இருந்திருக்குமா என்று ஒரு தடவை யோசித்தால் இன்னும் ஒன்று கழியும். அட்டையில் முல்லிகடோனி என்று ஒரு சூப் இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். நம் மிளகுத் தண்ணிதான் அது. சமையலறையில் வைத்தவனும் நம் ஆள், பெயரும் நம் பெயர். மேசைக்குப் போகும்போது மட்டும் கோட்டுப் போட்டுக்கொண்டது.

(இப்போதைய கோச்சியில் சாப்பாட்டு அட்டை எதுவும் தேவையில்லை. கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு “வடே வடே வடே” என்று வருகிறவரின் குரல்தான் அட்டை. அவர் வடையைச் சுற்றித் தரும் காகிதம் யாரோ ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பி. அதையும் ஒரு நாள் யாராவது சேகரிப்பார்கள்.)

இப்போது டிக்கட்டுக்கு வருகிறேன். உங்களிடம் இருப்பவை எட்மண்ட்சன் வகை அட்டை டிக்கட்டுகள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோமஸ் எட்மண்ட்சன் என்ற ஸ்டேசன் மாஸ்டர் கண்டுபிடித்த முறை, உலகம் முழுக்க ஒரே அளவு, ஏறக்குறைய 57 மில்லிமீற்றருக்கு 30. ஜன்னலுக்குப் பின்னால் ‘டக்’ என்று அடித்துத் தேதி பதிப்பார்களே, அந்தச் சத்தம் உங்களுக்கும் நினைவிருக்கும். தேதி மையில்லாமல் பள்ளமாக மட்டும் விழுந்திருந்தால், மேசை விளக்கைச் சரித்துப் பிடியுங்கள், நிழலில் எழுத்து எழும்பும்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். டிக்கட்டை இறங்கும் ஸ்டேசன் வாசலில் வாங்கிக்கொள்வார்கள். பயணம் முடிந்த டிக்கட் பயணியிடம் இருக்கக் கூடாது. அப்படியானால் பெட்டியில் இருக்கும் டிக்கட் ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. திரும்பி வராத ஆளின் திரும்பும் பாதியா? வாங்கிவிட்டுப் போகாமல் விட்டதா? ஓரத்தில் கத்தரித்த வெட்டு இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். வெட்டு இல்லை என்றால் அந்த டிக்கட்டில் யாரும் பயணம் போகவில்லை என்றே நினைக்க வேண்டியிருக்கிறது.

என் பிஸ்கட் டின்னில் இருந்தவை பிளாட்போம் டிக்கட்டுகள். நாலு. எல்லாம் ஹட்டன், எல்லாம் ஒரே தேதி. அவற்றோடு ஒரு நேர அட்டவணை. அதில் மூன்றே பக்கங்களின் மூலை மட்டும் அழுக்கேறி மெலிந்திருக்கும், மிச்சப் பக்கங்கள் புத்தம் புதுசு. முதல் பக்கம் ஹட்டனிலிருந்து கீழே இறங்கும் நேரம், இரண்டாவது பொல்கஹவெலயில் வடக்குப் பாதைக்கு மாறும் நேரம், மூன்றாவது மதவாச்சி தாண்டித் தலைமன்னார் துறை. பொல்கஹவெல வரிக்குப் பக்கத்தில் அப்பா பென்சிலால் கழித்தல் கணக்குப் போட்டிருக்கிறார். எவ்வளவு நேரம் அங்கே காத்திருக்க வேண்டும் என்ற கணக்கு. கடைசி வெற்றுத் தாளில் ஒரு பட்டியல்: ‘சட்டி 3, சாமி படம், தேயிலை 10 றாத்தல், கம்பளி 4.’ அடுத்த வரியில் ‘அம்மி’ என்று எழுதி அடித்திருக்கிறார்.

அது பெரியம்மா குடும்பம் போன நாள். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், பிரஜாவுரிமை இல்லாத நம் சனங்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று எழுதினார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கோடு அக்காளுக்கும் தங்கைக்கும் நடுவில் விழுந்தது. பெரியம்மா அந்தப் பக்கம், அம்மா இந்தப் பக்கம். அந்தக் கோச்சிக்கு எங்கள் சனங்கள் வைத்த பெயர் ஒப்பாரி கோச்சி. எந்த நேர அட்டவணையிலும் அந்தப் பெயர் இருக்காது. தலைமன்னாரில் இறங்கி ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரம். எனக்கு அப்போது ஒன்பது வயது. கோச்சி நகர்ந்தபோது பிளாட்போமில் எழுந்த சத்தம் சிங்கமலைச் சுரங்கம் வரைக்கும் கேட்டிருக்கும் என்று அம்மா சொல்வார். போனவர்களின் டிக்கட் அங்கே எங்கோ வாங்கப்பட்டுவிட்டது. நின்றவர்களின் டிக்கட் நாலும் டின்னில் இருக்கின்றன.

விலை போகுமா என்று கேட்டீர்கள். உங்கள் பிரசுரமும் சாப்பாட்டு அட்டையும் இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தியவை என்றால் வெளிநாட்டு ஏலங்களில் வாங்க ஆள் உண்டு. மலையகம், தேயிலை, ரயில் மூன்றும் சேர்ந்தால் இன்னும் கிராக்கி. 60களுக்குப் பிந்திய நேர அட்டவணைக்கு அவ்வளவு இல்லை, அதுவும் கிறுக்கல் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். பென்சில் குறி ‘பழுது’ என்று ஏலப் பட்டியலில் எழுதியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். எனக்கு அது நேர் எதிர். கிறுக்கல் இல்லாத அட்டவணையை எந்த ஆவணக் காப்பகத்திலும் பார்க்கலாம், கிறுக்கியது உலகத்தில் ஒன்றுதான். அதனால் விற்பதென்றால் பிரசுரத்தை விற்று அந்தக் காசில் மற்றவற்றுக்கு நல்ல உறை வாங்குங்கள் என்பேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், இது என் கட்சி.

வாங்கத் தொடங்குகிறீர்கள் என்றால் பழைய போத்தல், பேப்பர் வாங்க வருகிறவர்களைப் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பதில் பாதிக்கு மேல் அவர்களிடம் கிலோக் கணக்கில் வாங்கியவைதான். வீடு மாறுகிறவர்கள், தோட்டத்துப் பழைய கிளாக்கர் குவார்ட்டர்ஸ் இடிக்கிறவர்கள், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்களின் பிள்ளைகள், இவர்களிடம் சொல்லி வையுங்கள். ஆனால் ஸ்டேசன் பதிவேடு, முத்திரை, விளக்கு, ஒற்றைப் பாதையில் சாரதிக்குக் கொடுக்கும் டெப்லட் வளையம் என்று யாராவது கொண்டுவந்தால் கையில் எடுக்காதீர்கள். அவை அரசாங்கச் சொத்து. சனங்களுக்கு விற்றதையும் சும்மா கொடுத்ததையும் மட்டும் சேர்ப்பது என்று ஒரு எல்லை வைத்துக்கொண்டால் நிம்மதியாகத் தூங்கலாம். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த ஆட்களின் கழுத்தில் தொங்கவிட்டுத் தோட்டத்துக்கு அனுப்பிய தகரத் துண்டுகளும் எப்போதாவது விற்பனைக்கு வரும். மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண் குத்தியிருக்கும். ஒருவகையில் அதுவும் ரயில் டிக்கட்தான், எங்கே இறக்க வேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் இறக்கினார்கள். நான் ஒன்றும் வாங்கவில்லை. கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு நாள் நேரம் கிடைத்தால் கடுகண்ணாவை ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். இலங்கையில் ரயில் ஓடி 150 வருடம் ஆன நாளில், 2014 டிசம்பர் 27இல் திறந்தது. அங்கே உள்ளவற்றைப் பார்த்துவிட்டு வந்தால் கையில் இருப்பது என்ன என்று சட்டென்று பிடிபடும். எஞ்சின்களை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் சின்னச் சாமான்களின் பக்கம் நின்று பாருங்கள்.

கடைசியாகப் பத்திரப்படுத்துவது. தயவு செய்து லேமினேட் பண்ணாதீர்கள். நான் பண்ணினேன். இருபது வருடத்துக்கு முன் ஒரு போட்டோகொப்பிக் கடையில் 1930களின் பிரசுரம் ஒன்றைக் கொடுத்தேன். பையன் நல்ல மனதோடு சூடான உருளைக்குள் விட்டான். பச்சை மை உருகி நீலத்தில் கலந்து, நானுஓயாவுக்கும் அம்பேவலைக்கும் நடுவில் ஒரு கொப்புளம் எழுந்தது. பிளாஸ்டிக்கை உரித்தால் படமும் சேர்ந்து வரும், உரிக்காவிட்டால் உள்ளேயே புழுங்கிப் பழுக்கும். இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. யாராவது லேமினேட் என்று சொன்னால் எடுத்துக் காட்டுவதற்கு வைத்திருக்கிறேன்.

மழைக் காலத்தில் உப்புப் போத்தலில் தண்ணீர் நிற்கிற ஊர் நம்முடையது. நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் வட்டவளை ஒன்று. ஆகவே நம் எதிரி ஈரம்தான். பெட்டியைச் சீமெந்துத் தரையிலோ வெளிச்சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். உள்சுவர்ப் பக்கம், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு காகிதத்தையும் மைலார் (தெளிவான பொலியெஸ்டர்) உறையில் போடுங்கள். கிடைக்காவிட்டால் அமிலமில்லாத வெள்ளைக் காகிதத்தில் மடித்து வையுங்கள், கடையில் கிடைக்கும் மணக்கிற மெத்தென்ற பிளாஸ்டிக் கவர் வேண்டாம், அது மையை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். பழைய ஸ்டேப்ளர் கம்பி இருந்தால் துருவேறிக் காகிதத்தைத் தின்னும். அதை இழுக்காமல், பின்பக்கம் இரண்டு காலையும் நிமிர்த்திவிட்டு மெதுவாகக் கழற்றுங்கள். செலோடேப் ஒட்டவே கூடாது. பூஞ்சணம் பிடித்திருந்தால் வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட உலர்த்தி, வாய்க்குத் துணி கட்டிக்கொண்டு, வெளியே வைத்து மென்மையான தூரிகையால் தட்டுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்களை எறியாமல் சேர்த்துப் போடலாம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. இராமபாணப் பூச்சிக்கு அமைதியாக விட்ட பெட்டிதான் பிடிக்கும்.

ஒவ்வொரு உறைக்குள்ளும் தனிச் சீட்டில், பென்சிலால், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று எழுதிப் போடுங்கள். காகிதத்தின் மேலேயே எழுத வேண்டாம். பாட்டியைப் பற்றித் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். உங்கள் பெரியப்பாவுக்கு வயது எழுபத்தெட்டு என்று எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அந்த நேர அட்டவணையைத் திறந்து தலைமன்னார் பக்கத்தின் மூலையைப் பாருங்கள். அழுக்காக இருந்தால், அதற்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களையும் சேர்த்துப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். பென்சில் எழுத்து மங்கியிருந்தால் பக்கத்தைச் சற்றுச் சரித்துப் பிடித்து எடுங்கள்.